மாறியும் மாறிலியும்



கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்கும் மாணவன் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் சொல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை வேரியபிள் என்பர். தமிழகப் பாடநூல்கள் மாறி என்று வழங்கும். மலையாளத்தார் சரம் என்பர். இந்தி நூல்களில் அது சர் என்று வரும். அலுவலகத்தில் நாள்தோறும் சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கடத்தும் பணியில் இருக்கும் நமக்கு இத்தகைய சொற்கள்மீது ஒரு தனிப்பற்று. கலைப் பிரிவில் பட்டம் பெற்ற நமக்குக் கணிதம் குலதெய்வம் அன்று. ஆயினும் இக்கருத்தை அறியக் கணிதப் புலமை வேண்டுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்றைய பேச்சு மாறி என்னும் கருத்தைப் பற்றியது. அதனைத் தமிழிலேயே கற்கும் எல்லைப்புறப் பிள்ளைகளைப் பற்றியதும் ஆகும்.

எல்லைப்புறம் என்று நாம் குறிப்பது கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு ஓரத்தை. சமவெளியில் சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி. மலைமேல் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி. இங்கெல்லாம் பல்லாயிரம் வீடுகளில் பேச்சு மொழி தமிழ். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த சித்தூரும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துள் அடங்கின. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் பிழைப்பை முன்னிட்டு எல்லையைத் தாண்டியவர்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவ்வாறே. சித்தூர்ப் பக்கத்து உழவனோ எங்கும் பெயரவில்லை. அவன் வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எவ்வாறாயினும் இம்மூவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நிலைமை ஒன்றே. வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் ஒரு மொழி, அறிவியலுக்கு மூன்றாவதாக ஒரு மொழி.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வசதி வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. கேரளத்தில் இவ்வசதி தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடவில்லை; பத்தாம் வகுப்பு வரையிலும் தமிழ்வழி வகுப்புகள் உள்ளன. மலையாளமும் உடன் கற்கவேண்டும். 2017 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. தகவல் தொழில்நுட்பப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளிலும் அச்சிடப்படுகிறது. படக்கட்டைகளை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச், எழுத்தால் ஆணையிடும் பைத்தான் ஆகியவை அப்பள்ளிப் பாடத்தில் இடம்பெற்றவை. 2018 இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றமும் இதற்குத் துணை. பத்தாம் வகுப்புக்கு அப்பால் பெரும்பாலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆகவே, மாறி என்றால் என்ன என்பதைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ள அப்பிள்ளைக்குக் கிடைப்பது சில ஆண்டுகளே. அதற்குள் விளங்காதது பின்னர் ஆங்கிலத்தில் நெட்டுருவாகவே போகும்.

சொல்லை முதலில் பார்ப்போம். மாறி என்றதும் அது முடிவு பெறாத வினையோ என்று தோன்றும். 'மாறி வந்தான்', 'மாறிப் போயிற்று' என்பன போல. எல்லைப்புறப் பிள்ளைக்குக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடும். மலையாளத்தில் 'மாறி நில்' என்றால் விலகி நில் என்பது பொருள். ஆயினும் இச்சொல் இலக்கண நெறிப்படி அமைந்த பெயர்ச்சொல்லே. வானத்தில் பாடுவது வானம்பாடி; மண்ணை வெட்டுவது மண்வெட்டி; அவ்வாறே மாறுவது மாறி. மாறுதல் இல்லாதது மாறிலி. இந்திச் சொல்லும் மலையாளச் சொல்லும் வடமொழியிலிருந்து வந்தவை. சராசரம் என்று நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கிய அசைவன, அசையாதன என்னும் பாகுபாடே அவற்றின் வேர். அசைவு வேறு, மாற்றம் வேறு. கணிப்பொறியில் மாறி இடம்விட்டு அசைவதாகச் சொல்லவேண்டியதில்லை. அது குறிக்கும் மதிப்புத்தான் வேறாகிறது. எனவே தமிழ்ச்சொல் பொருளுக்கு இன்னும் அருகில் நிற்கிறது என்பது எம் கருத்து. மொழிபெயர்ப்பாளர் யாவரும் இதற்கு உடன்படுவர் என்று சொல்வதற்கில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். தேவிகுளம் வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது முன்னாளில் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. பைத்தான் மொழியில் இதனை ஒரு வரியில் எழுதலாம்:

மாவட்டம் = "கோட்டயம்"

1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. அப்போது மற்றொரு வரி:

மாவட்டம் = "இடுக்கி"

இதன்பின் கணிப்பொறியிடம் 'மாவட்டம் யாது?' என்று கேட்டால் இடுக்கி என்றே விடை வரும். கோட்டயம் என்று ஒருகாலத்தில் இருந்ததா என்று கேட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. மாவட்டம் என்பது பெயர்; இடுக்கி என்பது அப்பெயர் இன்று குறிக்கும் மதிப்பு. பெயர் நிற்கிறது, மதிப்பு மாறுகிறது. பழையதும் வேண்டுமென்றால், புதியதை எழுதுமுன் அதனை வேறொரு பெயரில் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். மனிதருக்கு மறதி ஒரு குறை. கணிப்பொறிக்கோ அது நடைமுறை.

பொறியினுள் இது எவ்வாறு நிகழ்கிறது? நினைவகம் என்பது எண்ணிட்ட அறைகளின் நீண்ட வரிசை. தொடக்க காலத்தில் நிரல் எழுதுவோர் அவ்வறைகளை எண்ணாலேயே அழைத்தனர். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்து 1960 இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் என்னும் கணிப்பொறியில் இருந்த நினைவறைகள் 2,048. மும்பை நேயர்களுள் மூத்தோர் சிலர் அப்பெயரைக் கேட்டிருக்கக்கூடும். அத்துணைச் சிறிய பொறியிலும் எந்த அறையில் எதை வைத்தோம் என்று மனிதன் நினைவில் கொள்வது கடினம். இன்றைய கைப்பேசியில் அறைகள் பல நூறு கோடி. ஆகவே அறைக்கு எண் சொல்லும் வேலையைப் பொறியிடம் விட்டு, மனிதன் பெயர் மட்டும் சொல்லும் வழக்கம் வந்தது. 1957 இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி இவ்வழக்கத்தைப் பரப்பியவற்றுள் முதன்மையானது.

அந்த ஃபோர்ட்ரானே ஒரு சிக்கலுக்கும் வழிவகுத்தது. சித்தூர் வட்டத்துப் பள்ளி ஒன்றில் நாம் கேட்ட உரையாடல் இது. கரும்பலகையில் ஆசிரியை இவ்வாறு எழுதியிருந்தார்:

நாள் = நாள் + 1

"டீச்சர், ஒரு எண் தன்னைவிட ஒன்று கூடுதலாக எப்படி இருக்கும்? கணக்கு சார் இதைப் பார்த்தால் தப்பு என்று அடித்துவிடுவாரே!" என்றாள் ஒரு சிறுமி.

"கணக்கு சார் சொல்வதும் சரிதான் கண்ணு. அங்கே அது சமக்குறி. இங்கே அது சமக்குறி இல்லை. வலது பக்கத்தை முதலில் படி. விடை வந்த பிறகு இடது பக்கம் இருக்கும் பெயருக்கு அதைக் கொடு" என்றார் ஆசிரியை.

அச்சிறுமியின் ஐயம் அறிவுடைய ஐயம். இரண்டு கோடுகளை இணையாக இட்டுச் சமத்தைக் குறிக்கும் வழக்கத்தை 1557 இல் தம் நூலில் புகுத்தியவர் வேல்ஸ் நாட்டு அறிஞர் இராபர்ட் ரெக்கார்டு. சரியாக நானூறு ஆண்டு கழித்து ஃபோர்ட்ரான் அக்குறியையே எடுத்து 'வைத்துக்கொள்' என்னும் ஆணைக்குப் பயன்படுத்திற்று. அடுத்து வந்த ஆல்கால் மொழியினர் இது பொருந்தாது என்று கண்டு, சமக்குறிக்கு முன் முக்காற்புள்ளி இட்டு வேறுபடுத்தினர். 1970களில் உருவான சி மொழி மீண்டும் பழைய வழக்கத்துக்கே திரும்பிற்று. 1991 இல் வெளியான பைத்தானும் அதனையே பின்பற்றியது. சமமா என்று கேட்கவேண்டுமாயின் இம்மொழிகளில் குறியை இருமுறை இடவேண்டும். ஓர் அச்செழுத்தை மிச்சப்படுத்தியோர் கோடிக்கணக்கான பிள்ளைகளை ஒரு நாளாவது குழம்பவைத்தனர் என்று சொன்னால் மிகையாகாது. தமிழில் கற்பிப்போர்க்கு ஒரு வசதி உண்டு. அவ்வரியை 'நாள் சமம் நாள் கூட்டல் ஒன்று' என்று படிக்காமல் 'நாளுடன் ஒன்றைக் கூட்டி நாளில் வை' என்று படிக்கலாம். நம் மொழியில் வினை இறுதியில் வருவதால், கணக்கிடுதல் முன்னும் வைத்தல் பின்னுமாகப் பொறி செய்யும் வரிசையிலேயே வாக்கியம் தானே அமைந்துவிடுகிறது.

இவ்வாணையின் பயன் யாது? சித்தூர்ப் பிள்ளைக்கு அதனைத் தன் வயலிலிருந்தே காட்டலாம். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் பற்றி இரு மாநிலங்களும் 1970 இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டின் வழியே சித்தூர்ப்புழைக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வரவேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30 வரை ஓர் ஆண்டு என்பது கணக்கு. நொடிக்கு 230 கன அடி வீதம் ஓராண்டு முழுதும் ஓடினால் ஏறத்தாழ இவ்வளவு தண்ணீர் வந்து சேரும். ஆனால் ஆறு அவ்வாறு ஒரே சீராக ஓடுவதில்லை. ஒருநாள் 500, ஒருநாள் 80, ஒருநாள் ஒன்றுமில்லை. இதுவரை வந்தது எவ்வளவு, இனி வரவேண்டியது எவ்வளவு என்பதே மார்ச் மாதத்தில் அங்குள்ள உழவர் கேட்கும் கேள்வி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைந்த நிலம். இக்கேள்விக்கு விடை கிடைக்காவிடில் அங்கே பயிர் வாடும்.

அதற்கு இரண்டு மாறிகள் போதும். ஜூலை முதல் நாள்:

மொத்தம் = 0

பின்னர் ஒவ்வொரு நாளும்:

மொத்தம் = மொத்தம் + இன்றைய_வரத்து

நாள்தோறும் இன்றைய வரத்து புதிதாக வந்து பழையதை அழித்துவிடும். மொத்தமோ அனைத்தையும் சேர்த்துக்கொண்டே போகும். ஒன்று மறக்கும் மாறி, மற்றொன்று திரட்டும் மாறி. கற்போர் இங்கே செய்யும் பிழை ஒன்று உண்டு. 'மொத்தம் = 0' என்பதை ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை எழுதாமல், ஒவ்வொரு நாளும் திரும்ப நிகழும் பகுதிக்குள் எழுதிவிடுவர். பொறி முணுமுணுக்காது, பிழை என்றும் சொல்லாது. நாள்தோறும் கணக்கைத் துடைத்துவிட்டு அன்றைய தண்ணீரை மட்டும் எழுதிவைக்கும். ஜூன் 30 அன்று பார்த்தால், ஆண்டு முழுதும் வந்ததாக ஒரே நாள் வரத்து நிற்கும். அவ்வரியை எழுதவே மறந்துவிட்டால் நிலைமை அவ்வளவு மோசமன்று. 'மொத்தம் என்று ஒன்றை யான் அறியேன்' என்று பைத்தான் அங்கேயே நின்றுவிடும். வாய்விட்டுச் சொல்லும் பிழையைவிட வாய்திறவாப் பிழையே அஞ்சத்தக்கது.

மலைமேல் போவோம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் கொழுந்து பறித்து எடைக்குக் கொண்டுவருவர். காலையில் ஒருவர் 24 கிலோ, பிற்பகலில் 18 கிலோ என்று கொள்வோம். இரண்டையும் விசைப்பலகையில் தட்டி, கூட்டித் தருமாறு மாணவன் ஒரு நிரல் எழுதுகிறான். விடை 2418 என்று வருகிறது! ஒரே நாளில் இரண்டரை டன் அளவுக்குக் கொழுந்து. பிழை எங்கே? விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் பைத்தானுக்கு முதலில் எழுத்தே ஆகும், எண் ஆகாது. எழுத்தையும் எழுத்தையும் கூட்டு என்றால் அது ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவைக்கும். '24' என்பதும் '18' என்பதும் ஒட்டி '2418' ஆயின. 'இதனை எண்ணாகக் கொள்' என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் 42 வரும். பெயர் ஒன்றாயினும் அது குறிக்கும் மதிப்புக்கு எண், எழுத்து, மெய்-பொய் என்று இனம் உண்டு என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை. செக்ரோலில் அன்றன்றைய எடை ஏறும் முறையை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை 2418 ஐக் கண்டதும் சிரித்துவிடும். விடை தவறு என்று காணும் அறிவு பாடநூலிலிருந்து வந்ததன்று, லயத்திலிருந்து வந்தது.

ஏலக்காய்க்கும் ஒரு சொல். வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும், மலைக்கு இப்பால் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. அத்தகைய ஏலத்துக்கு இரு மாறிகளேனும் வேண்டும். ஒன்று இதுவரை கேட்ட உச்சவிலை, மற்றொன்று அதனைக் கேட்டவர் பெயர். புதிய கேள்வி பழையதைவிட உயர்ந்திருந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும். விலையை மாற்றிப் பெயரை மாற்ற மறந்தால், போடி வணிகர் கேட்ட விலை குமுளி வணிகர் தலையில் விழும்.

இதுகாறும் மாறியைப் பேசினோம். மாறிலிக்கு இடுக்கி மாவட்டத்திலேயே சிறந்த சான்று உள்ளது. 1895 இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை பீருமேடு வட்டத்தில் இருக்கிறது. அதன் நீர் கிழக்கே திரும்பி வைகைப் படுகையை நனைக்கிறது. அணையின் நீர்மட்டம் நாளுக்கு நாள் வேறுபடும், அது மாறி. தேக்கத்தக்க உச்ச அளவு மழைக்கோ வெயிலுக்கோ மாறாது, அது மாறிலி. முழுக் கொள்ளளவுக்கு உரிய மட்டம் 152 அடி. 1979 இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆக, மாறிலியும் மாறுகிறது. ஆனால் ஆற்றால் அன்று, ஆணையால்.

நிரல் எழுதுவோன் இவ்வேறுபாட்டை மதியாவிடில் என்ன நேரும்? 2010 இல் ஒருவன் எச்சரிக்கை மணி அடிக்கும் நிரல் ஒன்றை எழுதினான் என்று வைத்துக்கொள்வோம். 136 என்னும் எண்ணைப் பத்து இடங்களில் நேரே எழுதிவிட்டான். 2014 இல் பத்து இடங்களையும் தேடித் திருத்தவேண்டும். ஒன்பதைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், ஒரு மணி 142 இல் அடிக்கும், மற்றொன்று 136 இல் அடிக்கும். 136 எங்கெங்கு வந்தாலும் 142 ஆக்கு என்று ஒரேயடியாக ஆணையிடுவதும் ஆபத்தே. ஏதோ ஒருநாள் பெய்த மழையும் 136 மில்லிமீட்டராக இருந்திருக்கலாம். அதுவும் சேர்ந்து மாறிப்போகும். தொடக்கத்திலேயே

உச்ச_அளவு = 136

என்று ஒருமுறை எழுதி, மற்ற இடங்களிலெல்லாம் அப்பெயரையே வழங்கியிருந்தால் தீர்ப்பு வந்த அன்று திருத்தவேண்டியது ஓர் எண் மட்டுமே. அணையைச் சுற்றி இரு மாநில மக்களின் அச்சமும் நம்பிக்கையும் சூழ்ந்திருக்கையில், ஓர் எண்ணை எங்கே எழுதினோம் என்பது சிறு செய்தி அன்று.

இவ்விடத்தில் பெயரிடுதல் பற்றி ஒன்று. மேலே நாம் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் இட்டது விளக்கத்துக்காக மட்டும் அன்று. 2008 இல் வந்த பைத்தானின் மூன்றாம் பதிப்பு முதல், தமிழ் எழுத்திலேயே மாறிக்குப் பெயரிட்டால் அது ஏற்கும். இடைவெளி கூடாது, முதலெழுத்து எண்ணாக இருத்தல் கூடாது, அவ்வளவே. ஆணைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பெயர்கள் நம்முடையவை. ஆணைச் சொற்களும் தமிழில் அமைந்த எழில் என்னும் நிரல்மொழியும் உண்டு. தமிழில் பெயரிடுவோர்க்கு ஒரு விடுதலை: பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டால் ஆங்கிலத்தில் விளையும் பிழைகள் இங்கே இல்லை. அதனாலேயே ஓர் இழப்பும் உண்டு. பைத்தானில் மாறிலியைப் பூட்டிவைக்கத் தனிப் பூட்டு இல்லை. பெயரை முழுதும் பெரிய எழுத்தில் எழுதி, 'இதனைத் தொடாதே' என்று குறிப்பால் உணர்த்துவர். தமிழில் பெரிய எழுத்து ஏது? 'மாறா_உச்ச_அளவு' என்பது போல முன்னொட்டுச் சேர்த்துக்கொள்வதே வழி. நமக்கு உரிய பிழைகளும் உள. ஒரு வரியில் 'அணை' என்றும் மறுவரியில் 'அனை' என்றும் எழுதினால் பொறிக்கு அவை இரு வேறு பெயர்கள். பள்ளியில் டண்ணகரத்துக்கும் றன்னகரத்துக்கும் மதிப்பெண் இழந்தவர் இங்கே நிரலையே இழப்பர்.

இறுதியாகச் சற்று நுண்ணிய செய்தி ஒன்று. மாறியை ஒரு பெட்டி என்று பலர் கற்பிக்கின்றனர். பெட்டிக்குள் மதிப்பு இருக்கிறது என்பது அவர் உவமை. முதல் நாளுக்கு அது போதும். பைத்தானில் மெய்யாக நிகழ்வதோ பொருளின்மேல் பெயர்ச்சீட்டுக் கட்டுவது. இரு சீட்டுகளை ஒரே பொருளில் கட்டலாம். பாலக்காடு என்பது ஊர். ஆங்கிலேயர் வழக்கில் அதுவே பால்காட். மூன்று நாள் மழையளவை ஒரு பட்டியலாக எழுதுவோம்:

பாலக்காடு = [4, 0, 11]

பால்காட் = பாலக்காடு

இனி, பால்காட் என்னும் பெயரைச் சொல்லி நான்காம் நாள் மழை 7 என்று சேர்த்தால், பாலக்காட்டின் பட்டியலிலும் 7 வந்துவிடும். பெட்டி உவமையை நம்பியவன் திகைப்பான். ஊர் ஒன்று, பெயர் இரண்டு என்று அறிந்தவன் திகைக்கமாட்டான். ஆனால் 'பால்காட் = [2, 3]' என்று புதிதாக எழுதினால், அச்சீட்டை அவிழ்த்து வேறொரு பட்டியலில் கட்டியதாகும்; பாலக்காட்டின் மழைக்கு ஒரு குறையும் இல்லை. பொருளைத் திருத்துவது வேறு, பெயரைப் பெயர்த்துக் கட்டுவது வேறு. இரு பெயர் வழங்கும் ஊர்களிடையே வளரும் எல்லைப்புறப் பிள்ளைக்கு இதனைச் சொல்லிக்கொடுக்க நெடுநேரம் ஆகாது.

அயல் மாநிலங்களில் வாழும் நேயர்கள் தம் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதனைச் செய்து பார்க்கலாம். கணிப்பொறி இல்லாவிடினும் இரண்டு காகிதத் துண்டுகள் போதும். ஒன்றுக்குப் 'பழையது' என்றும் மற்றொன்றுக்குப் 'புதியது' என்றும் பெயரிடுங்கள். வீட்டு மின் அளவியில் சென்ற மாதம் 4310, இம்மாதம் 4462 என்றால், புதியதிலிருந்து பழையதைக் கழிக்கச் செலவு 152 அலகு. அடுத்த மாதம் வரும்போது, முதலில் புதியதில் உள்ள எண்ணைப் பழையதில் எழுதவேண்டும். அதன்பின்னரே அளவியைப் பார்த்துப் புதியதை மாற்றவேண்டும். இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்து பார்க்குமாறு பிள்ளையிடம் சொல்லுங்கள். அளவியில் காணும் எண் புதியதில் ஏறும்; அதுவே உடனே பழையதிலும் ஏறும்; கழித்தால் பூஜ்யம். அம்மாதம் முழுதும் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்று நிரல் சாதிக்கும். மின் கட்டணச் சீட்டுக் கொண்டுவருபவர் அதனை ஒப்புக்கொள்ளமாட்டார். ஏன் அவ்வாறு ஆயிற்று என்பதைப் பிள்ளையே தமிழில் சொல்லும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.